மணி 2.10, நாடி 38

பேங்க்காரனுக்கு வைத்தியத்தில் என்ன வேலை என்று நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். நான் பி.காம். படித்தவன். கணக்கு எழுதத் தெரியும், அடுத்தவர் எழுதின கணக்கைச் சரிபார்க்கத் தெரியும், அவ்வளவுதான். ஆனால் இதுவும் ஒருவகையில் கணக்கு எழுதின கதைதான். அந்தத் தைரியத்தில் ஆரம்பிக்கிறேன். பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2018 பிப்ரவரி. அகமதாபாத், மணிநகர். அம்மா ஊரிலிருந்து வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. ராத்திரி ஒன்றே முக்கால் மணிக்கு பாத்ரூம் போக எழுந்தவள், கதவைப் பிடித்தபடியே சரிந்து உட்கார்ந்துவிட்டாள். முகமெல்லாம் வியர்வை, கை ஜில்லென்று இருந்தது. என் மனைவி 108-க்கு போன் போட்டாள். வண்டி வந்தது. இருபத்தைந்து வயதுகூட இருக்காது, ஒரு பையன் பையைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறி வந்தான். ஆம்புலன்ஸில் வரும் அவசர மருத்துவ உதவியாளர்; இ.எம்.டி. என்பார்கள்.

குஜராத்தியில் அம்மாவை "பா" என்று கூப்பிடுவார்கள். "பா, ஆங்க் கோலோ" என்றான். கண்ணைத் திறங்கள் என்று அர்த்தம். அம்மாவுக்குத் தமிழைத் தவிர வேறு பாஷை தெரியாது. "தலை சுத்துதுப்பா" என்று அவனுக்குத் தமிழில் பதில் சொன்னாள். அவன் விரலில் ஒரு கிளிப்பை மாட்டினான். அது நாடித்துடிப்பு 38 என்று காட்டியது. அவன் அதை நம்பவில்லை. மணிக்கட்டில் கைவைத்து, தன் வாட்சைப் பார்த்து, முழுசாக ஒரு நிமிஷம் எண்ணினான். பிறகுதான் அட்டையில் செருகியிருந்த படிவத்தில் எழுதினான்: மணி 2.10, நாடி 38.

நோட்டு எண்ணும் மெஷின் சொன்ன தொகையை நம்பாமல் கையால் மறுபடி எண்ணும் பழைய கேஷியர்கள் ஞாபகத்துக்கு வந்தார்கள். பையன்மேல் எனக்கு அங்கேயே மரியாதை வந்துவிட்டது.

2.20-க்கு மறுபடி பார்த்தான், 36. வண்டியில் போகும்போது, 2.35-க்கு, 72. அம்மா கண்ணைத் திறந்து, "எங்கடா போறோம்?" என்றாள்.

ஆஸ்பத்திரியில் இறங்கும்போது எல்லாமே சரியாகியிருந்தது. நாடி 74, பிரஷர் பரவாயில்லை, ஈ.சி.ஜி.யிலும் பெரிதாக ஒன்றுமில்லை. "வயசானவங்க, தண்ணி சரியா குடிச்சிருக்க மாட்டாங்க. காலைல ஓ.பி.ல காட்டுங்க" என்று டியூட்டி டாக்டர் சொல்லிக்கொண்டிருந்தபோது, அந்தப் பையன் தன் படிவத்தின் நகலை அவர் மேஜையில் வைத்தான். டாக்டர் மேலோட்டமாகப் பார்த்தார். பிறகு கையில் எடுத்து மறுபடி பார்த்தார். "38-ஐ கையால எண்ணினியா?" என்று ஹிந்தியில் கேட்டார். "ஒரு நிமிஷம் முழுக்க எண்ணினேன் சார்." அம்மாவை வீட்டுக்கு அனுப்பவில்லை. மானிட்டர் மாட்டிப் படுக்க வைத்தார்கள். மறுநாள் சாயங்காலம் நாடி மறுபடி 30-களுக்கு இறங்கியது, இந்தத் தடவை டாக்டர்களின் கண்ணெதிரே. இதயத்தின் மின்சார ஓட்டத்தில் விட்டுவிட்டு வரும் அடைப்பாம். மூன்றாம் நாள் பேஸ்மேக்கர் வைத்தார்கள்.

அம்மா இப்போது ஊரில் சௌக்கியம். ஆனால் அந்த ஒரு தாள் மட்டும் என் மனதைவிட்டுப் போகவில்லை. 2.10-க்கு இருந்த நிலைமை 2.45-க்கு இல்லை. அது இருந்தது என்பதற்கு ஒரே சாட்சி அந்தத் தாள்தான். மனித உடம்பை இப்படி எண்ணாக்கி, பக்கத்தில் மணி போட்டு எழுதும் பழக்கம் எப்போது வந்தது? வாசிக்க ஆரம்பித்தேன். வாசித்ததைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

நாடி பார்ப்பது நமக்குப் புதிதில்லை. சித்த வைத்தியர் மூன்று விரலை வைத்து வாதம், பித்தம், கபம் என்று சொல்லிவிடுவார். கிரேக்கர்களும் சீனர்களும் அவரவர் வழியில் நாடி பார்த்திருக்கிறார்கள். ஆனால் இவர்களெல்லாம் பார்த்தது நாடியின் நடையை. நிமிஷத்துக்கு எத்தனை என்ற எண்ணிக்கையை இல்லை. வைத்தியரின் விரலுக்குத் தெரிந்தது அந்த விரலோடுதான் இருந்தது. நேற்று இப்படி இருந்தது, இன்று இப்படி இருக்கிறது என்று ஒப்பிட அதே வைத்தியர்தான் வரவேண்டும். அடுத்த ஊர் வைத்தியருக்கு எழுதி அனுப்ப முடியாது.

இதை எண்ணாக மாற்றப் பார்த்தவர்களில் ஒருவர், 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியின் பாதுவாவில் இருந்த சான்டோரியோ. அப்போது நொடி காட்டும் கடிகாரம் கிடையாது. அவர் ஒரு கயிற்றில் குண்டைக் கட்டி ஆடவிட்டார். ஆட்டமும் நாடியும் ஒன்றாகச் சேரும்வரை கயிற்றைக் கூட்டினார், குறைத்தார். கடைசியில் கயிறு எவ்வளவு நீளம் என்பதுதான் நாடியின் அளவு! உடம்புச் சூட்டை அளக்க அளவுக்கோடு போட்ட கருவியையும் அவர் செய்து பார்த்திருக்கிறார். இங்கிலாந்தில் ஜான் ஃப்ளாயர் என்ற மருத்துவர், சரியாக ஒரு நிமிஷம் ஓடி நிற்கும் கடிகாரம் ஒன்றைச் செய்யச் சொல்லி, அதை வைத்து நாடியை எண்ணி, 1707-ல் புத்தகம் போட்டார். அன்று ராத்திரி அந்தப் பையன் வாட்சைப் பார்த்து எண்ணினானே, அந்தப் பழக்கத்துக்கு 300 வயதுக்கு மேல் ஆகிறது.

ஆனாலும் டாக்டர்கள் உடனே வாட்சைக் கையில் எடுத்துவிடவில்லை. அடுத்த 150 வருஷத்துக்கு இது பெரும்பாலும் ஆர்வக்காரர்களின் விளையாட்டாகவே இருந்தது.

நிலைமை மாறியது காய்ச்சலால். ஜெர்மனியின் லைப்ஸிக் நகர ஆஸ்பத்திரியில் கார்ல் வுண்டர்லிஷ் என்ற பேராசிரியர், வந்த நோயாளிகளுக்கெல்லாம் தினமும் உடம்புச் சூட்டைப் பார்த்து எழுதச் சொன்னார். சுமார் 25,000 நோயாளிகள், பத்து லட்சத்துக்கு மேற்பட்ட அளவுகள் என்று அவர் கணக்குச் சொல்லியிருக்கிறார். 1868-ல் புத்தகமாக வந்தது. நாம் இன்றும் சொல்கிற 37 டிகிரி செல்சியஸ் அவருடையதுதான். அவர் பயன்படுத்திய தெர்மாமீட்டர் சுமார் ஓர் அடி நீளம். அக்குளில் வைத்துக்கொண்டு 15, 20 நிமிஷம் காத்திருக்க வேண்டும். அதே காலத்தில் இங்கிலாந்தின் கிளிஃபோர்ட் ஆல்பட் அதை 6 அங்குலமாகக் குறைத்தார். 5 நிமிஷத்தில் அளவு கிடைத்தது. சட்டைப் பைக்குள் போகிற மாதிரி ஆனபிறகுதான் தெர்மாமீட்டர் எல்லா டாக்டர்களிடமும் பரவியது.

வுண்டர்லிஷ் செய்ததில் எனக்குப் பெரிதாகப் படுவது 37 இல்லை. அவர் அளவுகளை நாள்வாரியாக வரிசையாக எழுதி, கோடாக வரையச் செய்தார். காய்ச்சல் என்பது தனி வியாதி இல்லை, வியாதியின் அடையாளம் என்பதும், ஒவ்வொரு வியாதியிலும் சூடு ஏறி இறங்கும் விதம் வேறு என்பதும் அந்தக் கோட்டில்தான் தெரிந்தது. பாஸ்புக்கில் கடைசி வரி பேலன்ஸை மட்டும் பார்த்தால் ஆளைப் பற்றி ஒன்றும் தெரியாது. லோன் கேட்டு வருகிறவரிடம் ஆறு மாச ஸ்டேட்மென்ட் ஏன் கேட்கிறோம்? அதே விஷயம்தான்.

அடுத்தது பிரஷர். 1896-ல் இத்தாலியின் ஸ்கிப்பியோனே ரிவா-ரோச்சி, கையில் ரப்பர் பட்டையைச் சுற்றிக் காற்றடித்து, பாதரசக் குழாயில் அளவு பார்க்கும் கருவியைச் செய்தார். இதை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனவர் ஹார்வி குஷிங். பின்னாளில் மூளை அறுவைச் சிகிச்சையில் பெரிய பேர். அவர் பாஸ்டனில் மாணவராக இருந்தபோது, ஆபரேஷனுக்கு அவர் ஈதர் மயக்கம் கொடுத்த ஒரு நோயாளி இறந்துபோனார். அந்தக் காலத்தில் மயக்கம் கொடுப்பதை மாணவர்கள் தலையில் கட்டிவிடுவது வழக்கம். மனம் உடைந்துபோன குஷிங்கும், அவர் நண்பர் எர்னெஸ்ட் காட்மனும், யார் நன்றாக மயக்கம் கொடுக்கிறார்கள் பார்ப்போம் என்று ஒரு சாப்பாட்டைப் பந்தயம் கட்டினார்கள். பந்தயத்தில் ஜெயித்ததை நிரூபிக்க வேண்டாமா? 1894-ல் நாடியையும் மூச்சையும் சில நிமிஷத்துக்கு ஒருமுறை ஒரு தாளில் குறித்துக்கொண்டே போனார்கள். மயக்க மருந்து கொடுக்கும்போது எழுதப்பட்ட முதல் சார்ட்டுகள் இவை என்கிறார்கள். 1901-ல் இத்தாலிக்குப் போன குஷிங், ரிவா-ரோச்சியின் பட்டையைப் பார்த்ததும் அதையும் தன் தாளில் சேர்த்துக்கொண்டார்.

மூத்த டாக்டர்கள் பலருக்கு இது பிடிக்கவில்லை. அனுபவப்பட்ட விரல் இருக்கும்போது குழாய் எதற்கு என்பது அவர்கள் வாதம். பேங்கில் கம்ப்யூட்டர் வந்தபோது எங்கள் சீனியர்கள் பேசின மாதிரியே இருக்கிறது :-) 1905-ல் ரஷ்யாவின் நிக்கோலாய் கோரட்கோவ், பட்டைக்குக் கீழே ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டால் மேல் அளவு, கீழ் அளவு இரண்டும் தெரியும் என்று ஒரு பக்கம்கூட வராத சின்னக் குறிப்பு எழுதினார். இன்றும் டாக்டர் கையில் பட்டையைச் சுற்றி ஸ்டெதஸ்கோப்பை வைப்பது அவர் சொன்னபடிதான்.

ஆக, 20-ஆம் நூற்றாண்டு பிறந்தபோது நாடி, மூச்சு, சூடு, பிரஷர் நான்கையும் அளக்க முடிந்தது, எழுத முடிந்தது. ஆனால் எல்லாமே ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான். வழியில்?

வழியில் எழுத ஆளே இல்லை. நெப்போலியனின் படை மருத்துவர் லாரே, 1790-களிலேயே காயம்பட்டவர்களைப் போர்க்களத்திலிருந்து சீக்கிரம் கொண்டுவர குதிரை வண்டிகளை ஓடவிட்டார். பிறகு மோட்டார் வண்டி வந்தது. வண்டியின் வேகம் கூடியதே தவிர, பின்னால் படுத்திருப்பவரைக் கவனிக்கத் தெரிந்த ஆள் வரவில்லை. 1966-ல் அமெரிக்காவில் விபத்துச் சாவுகளைப் பற்றி வந்த ஓர் அறிக்கை, நாட்டின் ஆம்புலன்ஸ் சேவையில் ஏறக்குறைய பாதியை நடத்துவது 12,000 சவ அடக்கக்காரர்கள் என்றது. படுக்கவைத்துக் கொண்டுபோகிற நீள வண்டி அவர்களிடம்தானே இருந்தது! நம் ஊரில் மட்டும் என்ன? 108-க்கு முன்னால் ஆம்புலன்ஸ் என்றால் பல இடங்களில் ஒரு வேன், ஒரு டிரைவர், ஒரு ஸ்ட்ரெச்சர், அவ்வளவுதான்.

மாற்றம் இரண்டு இடங்களில் ஏறக்குறைய ஒரே நேரத்தில் நடந்தது. 1966-ல் வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டில் ஃபிராங்க் பான்ட்ரிட்ஜ் என்ற இதய மருத்துவர், கார் பேட்டரியில் ஓடும் சுமார் 70 கிலோ ஷாக் மெஷினை வண்டியில் ஏற்றிக்கொண்டு நோயாளியின் வீட்டுக்கே போனார். 1967-ல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்கில் ஃப்ரீடம் ஹவுஸ் என்ற சேவை தொடங்கியது. அங்கே கறுப்பின மக்கள் வாழ்ந்த ஹில் டிஸ்ட்ரிக்ட் பகுதியில் அதுவரை அவசரத்துக்கு வந்தது போலீஸ் வேன். பீட்டர் சாஃபார் என்ற மருத்துவர், அதே பகுதியின் வேலையில்லாத இளைஞர்களுக்குச் சுமார் 300 மணி நேரம் பயிற்சி கொடுத்து வண்டியில் அனுப்பினார். சாஃபாரின் சின்ன மகள் 1966-ல்தான் ஆஸ்துமாவில் இறந்துபோயிருந்தாள். 1974-ல் நான்சி கரோலின் என்ற இளம் மருத்துவர் அவர்களோடு சேர்ந்து, வண்டியிலேயே கூடப்போய் மேற்கொண்டு பயிற்சி கொடுத்தார். அடுத்த வருஷமே நகர நிர்வாகம் தன் சொந்தச் சேவையை ஆரம்பித்து ஃப்ரீடம் ஹவுஸை மூடிவிட்டது. ஆனால் அந்த அனுபவத்திலிருந்து கரோலின் எழுதிய பாடப்புத்தகம் அமெரிக்க ஆம்புலன்ஸ் ஊழியர்களுக்கு அடிப்படைப் பாடமானது.

பயிற்சி பெற்ற ஆள் வண்டியில் ஏறிய பிறகுதான், நோயாளி இருந்த இடத்திலேயே எடுத்த முதல் அளவு என்று ஒன்று உலகத்தில் உண்டானது. எங்கள் பாஷையில் சொன்னால் ஓப்பனிங் பேலன்ஸ்.

எண்கள் கூடக்கூட, அவற்றை எப்படிச் சேர்த்துப் பார்ப்பது என்ற கேள்வி வந்தது. 1974-ல் கிளாஸ்கோவின் டீஸ்டேல், ஜென்னட் இருவரும் நினைவு நிலையை எண்ணாக்கினார்கள். கண் திறக்கிறாரா, பேசுகிறாரா, கை கால் அசைக்கிறாரா என்று பார்த்து மார்க் போடுவது. இன்றைய வழக்கில் 3 முதல் 15 வரை. அதே 1974-ல் ஜப்பானின் தகுவோ அயோயாகி, ஒளியைச் செலுத்தி ரத்த ஆக்சிஜனைப் பார்க்கும் வழியைக் கண்டுபிடித்தார். கொரோனா காலத்தில் நாமெல்லாம் வாங்கி வைத்தோமே, அந்தக் கிளிப். 2012-ல் லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ், மூச்சு, ஆக்சிஜன், பிரஷர், நாடி, நினைவு, சூடு, தனியாக ஆக்சிஜன் கொடுக்கப்படுகிறதா என்ற ஏழையும் கூட்டி ஒரே மார்க்காகப் போடும் முறையைக் கொண்டுவந்தது. அங்கே ஆம்புலன்ஸிலும் ஆஸ்பத்திரியிலும் அதே மார்க்தான் பேசப்படுகிறது.

நம் நாட்டுக்கு வருகிறேன். 108 ஆரம்பித்தது 2005 ஆகஸ்ட் 15, ஹைதராபாத்தில். குஜராத்துக்கு 2007 ஆகஸ்டில் வந்தது, தமிழ்நாட்டுக்கு 2008 செப்டம்பரில். வண்டியில் பயிற்சி பெற்ற ஒருவர், கையில் பி.சி.ஆர். என்ற படிவம் (கொரோனா டெஸ்ட் பி.சி.ஆர். வேறு), அதில் மணி போட்டு எழுதிய அளவுகள், ஆஸ்பத்திரிக்கு ஒரு நகல். இதை ஆரம்பித்து வைத்தவர் யார் தெரியுமா? சத்யம் ராமலிங்க ராஜு. 2009 ஜனவரியில், இல்லாத 5,040 கோடி ரூபாயை ரொக்கமாகவும் பேங்க் இருப்பாகவும் கணக்கில் காட்டியதாகத் தானே கடிதம் எழுதி ஒப்புக்கொண்ட அதே ராஜு. 2015-ல் கோர்ட் தண்டனையும் கொடுத்தது. பேங்க்காரனான எனக்கு இது ஜீரணிக்கக் கஷ்டமான விஷயம். கம்பெனிக் கணக்கில் பொய் எழுதியவர் தொடங்கிய சேவையில், ஒரு பையன் ராத்திரி 2.10-க்கு உண்மையை எழுதியதால் என் அம்மா பிழைத்தாள். இதை எந்தப் பத்தியில் பற்று வைப்பது, எதில் வரவு வைப்பது என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.

பொய்க் கணக்கு என்றதும் ஒன்று சொல்லவேண்டும். இந்த எண்களில் ரொம்ப ஏமாற்றுகிற எண் எது என்று பார்த்தால், மூச்சு எண்ணிக்கைதான். மற்றதற்கெல்லாம் மெஷின் இருக்கிறது. மூச்சை மட்டும் இன்னும் பெரும்பாலும் கண்ணால் பார்த்துத்தான் எண்ணவேண்டும். மார்பு ஏறி இறங்குவதை அரை நிமிஷமாவது, முடிந்தால் ஒரு நிமிஷம். அவசரத்தில் யார் எண்ணுவது? உலகம் முழுக்க ஆஸ்பத்திரித் தாள்களைப் புரட்டிப் பார்த்தவர்கள், வார்டு முழுக்க 16, 18, 20 என்றே எழுதியிருப்பதைக் கண்டிருக்கிறார்கள். பிரஷரிலும் அப்படித்தான், 120, 130, 140 என்று பூஜ்யத்தில் முடியும் எண்கள் அளவுக்கு மீறி வரும். பிராஞ்ச் இன்ஸ்பெக்‌ஷனுக்குப் போனவர்களுக்கு இது புரியும். தினமும் ஒரே மாதிரி முழு எண்ணாக வரும் ரிஜிஸ்டரைப் பார்த்தால், அது அன்றன்று எழுதியதில்லை, சாயங்காலம் மொத்தமாக உட்கார்ந்து எழுதியது என்று உடனே தெரிந்துவிடும். இதில் கொடுமை என்னவென்றால், உடம்பு மோசமாகப் போவதை எல்லா எண்ணுக்கும் முன்னால் காட்டிக்கொடுப்பது பல சமயம் இந்த மூச்சுதான். லண்டன் முறையில் நிமிஷத்துக்கு 25 மூச்சு வந்தாலே அதற்குரிய அதிகபட்ச மார்க்கான 3 விழும். எண்ணாமல் 18 என்று எழுதிய தாள், அந்த எச்சரிக்கையை அழித்துவிடுகிறது. தாள் காலியாக இருந்தால் அடுத்த டாக்டராவது எண்ணிப் பார்த்திருப்பார்.

வெளிமாநிலத்தில் இருக்கும் நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு இதில் கூடுதலாக ஒன்று இருக்கிறது. நம் அப்பா அம்மாவுக்கு இங்கத்து பாஷை தெரியாது. நெஞ்சை அடைக்கிறதா, கரிக்கிறதா, படபடக்கிறதா என்று தமிழில் அத்தனை வித்தியாசமாகச் சொல்வார்கள், நாம் ஹிந்தியில் "தர்த்" என்ற ஒரே வார்த்தையாக்கிவிடுவோம். இன்னும் ஒரு ஆபத்தும் உண்டு. நினைவு நிலைக்கு மார்க் போடும்போது, எங்கே இருக்கிறீர்கள், இன்று என்ன கிழமை என்று கேட்பார்கள். புரியாத பாஷையில் கேட்டால் அம்மா முழிக்கத்தான் செய்வாள். அது குழப்பம் என்று பதிவாகிவிடும். அன்று அந்தப் பையன் என்னைப் பார்த்து, "நீங்க உங்க பாஷையில கேளுங்க, பதில் சரியா தப்பான்னு மட்டும் சொல்லுங்க" என்றான். நான் கேட்டேன். "வெள்ளிக்கிழமைதான, விளக்கேத்தினேனே" என்றாள். மணி பன்னிரண்டைத் தாண்டி சனிக்கிழமை பிறந்திருந்தது. ஆனாலும் சரி என்றுதான் சொன்னேன் :-)

பேச்சை மொழிபெயர்க்க நாம் வேண்டும். 38-ஐ மொழிபெயர்க்க யாரும் வேண்டாம்.

ஆஸ்பத்திரியில் அம்மா சாப்பிடும் மாத்திரை, வழக்கமான பிரஷர் எல்லாம் கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை. ஊரிலிருக்கும் தங்கைக்கு விடிகாலை மூன்றரைக்குப் போன் போட்டுக் கேட்டேன். பையன் எழுதிய 38 எவ்வளவு குறைவு என்று தெரிய, அம்மாவுக்கு வழக்கமாக எவ்வளவு என்று யாராவது சொல்லவேண்டும் அல்லவா? அந்த எண் என்னிடம் இல்லை. அடுத்தவன் ரிஜிஸ்டரில் தப்புக் கண்டுபிடிக்கிறவன் வீட்டில் ரிஜிஸ்டரே இல்லை.

இப்போது பீரோ கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. மாமனார், மாமியார், எங்கள் இருவர் பெயர்களும் இருக்கின்றன. நிம்மதியாக உட்கார்ந்திருக்கும்போது எடுத்த நாடி, பிரஷர், ஆக்சிஜன், ஒரு நிமிஷம் முழுக்க எண்ணிய மூச்சு, ஒவ்வொன்றின் பக்கத்திலும் தேதி. சாப்பிடும் மாத்திரைகள், ஆகாத மருந்து. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை காலையில் என் பெண் புதிதாக எழுதுவாள். அம்மா வந்தால் அவளுக்கும் ஒரு பத்தி.

போன தடவை அம்மா வந்திருந்தபோது பெண் நாடி பார்த்தாள். பாட்டி பேசிக்கொண்டே இருந்ததால் மூச்சு எண்ண முடியவில்லை. "18-ன்னு போட்டுக்கட்டுமாப்பா?" என்று கேட்டாள்.

"வேண்டாம், அந்த இடத்தைக் காலியா விடு. பாட்டி தூங்கினப்புறம் எண்ணலாம்" என்றேன்.

பின்குறிப்பு: எண்களை 1, 2, 3 என்றே எழுதுங்கள், மருந்துப் பெயர்களை அட்டையில் இருக்கிறபடி ஆங்கிலத்தில் எழுதுங்கள். உங்கள் வீட்டில் இப்படி ஏதாவது வழக்கம் இருந்தால் பின்னூட்டத்தில் சொல்லுங்கள், என் தாளிலும் சேர்த்துக்கொள்கிறேன்.